வீடியோவில் இல்லாத விரிசல்

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது. இனி வரப்போவதெல்லாம் கோபம்தான்.

ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். போனில் என் எண்ணைத் தடுத்துவிட்டாய். உன் வீடியோவின் கீழே நான் எழுதியதை அழித்துவிட்டாய். தங்கியிருக்கும் இடத்தின் முகவரியைக் கேட்டபோதெல்லாம் "மாறப்போறேன்க்கா, மாறினதும் தரேன்" என்று இழுத்தடித்தாய். அதனால் உன் கம்பெனி முகவரிக்கே அனுப்புகிறேன். அங்கே யாராவது பிரித்துவிடுவார்களோ என்று உனக்குப் பயம் வரும். வரட்டும்.

போன மாதம் ஒருவர் பட்டறைக்கு வந்தார். தையல்காரர். கோட்டு தைப்பதில் பேர்போனவர் என்று பிறகு தெரிந்தது. நம்மைவிட வயதில் மூத்தவர். வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார். நான் இரும்பு செதுக்குகிற மில்லிங் மெஷினை நிறுத்தும்வரை ஓரமாக நின்றார். பிறகு கையிலிருந்த பையைத் திறந்து, ஒரு பழைய துணியை மேசைமேல் விரித்து, அதன்மேல் இரண்டு அலுமினியத் துண்டுகளை வைத்தார். இரண்டும் ஒரே பிரேக் பிராக்கெட்டின் பாதிகள். "உங்க தம்பி வீடியோவுல இந்தப் பட்டறை போர்டு தெரிஞ்சுதும்மா. அதைப் பாத்துத்தான் தேடி வந்தேன். நான் எங்க தப்பு பண்ணேன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?" என்றார்.

சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசினார்.

அவருக்கு இளவயதிலிருந்தே ஸ்போர்ட்ஸ் கார்மேல் பைத்தியமாம். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, உன்னுடையதைப் போலவே ஒரு பழைய இரண்டு சீட்டு வண்டியை வாங்கியிருக்கிறார். எஞ்சின் குதிரைபோல ஓடுகிறது, பிரேக்தான் வயதான பிரேக். அப்போதுதான் உன் வீடியோ கண்ணில் பட்டிருக்கிறது. பெரிய வண்டியின் டிஸ்க்கையும் அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரையும் சின்ன வண்டியில் மாட்டுவது எப்படி, நடுவில் தாங்கலாக வைக்கிற பிராக்கெட்டை வீட்டிலேயே அறுப்பது எப்படி என்று நீ சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொடுக்கிறாயே, அதேதான். தோழன்போலப் பேசுகிறாய் என்று உன்னைப் புகழ்ந்தார்.

கோட்டு வெட்டுவதுபோலவே முதலில் காகிதத்தில் மாதிரி வெட்டியிருக்கிறார். பிறகு அட்டையில். வண்டியில் வைத்துச் சரிபார்த்த பிறகே அலுமினியத்தில் ரம்பம் வைத்திருக்கிறார். மாட்டி, தெருவில் ஓட்டிப் பார்த்து, திருப்தியாகி, மனைவியை உட்காரவைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போயிருக்கிறார்கள். மலை இறக்கத்தில் முன்னால் போன லாரி நின்றது. இவர் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். முன்சக்கரத்தில் பட்டென்று ஒரு சத்தம். பிராக்கெட் உடைந்து, காலிப்பர் கழன்று சக்கரத்துக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. வண்டி சுழன்று ஓரத்துக் கல்சுவரில் போய் மோதியது. அவருக்கு நெற்றியில் காயம். அவர் மனைவி, அந்த அம்மா, முன்னால் கையை ஊன்றியிருக்கிறார். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. அவரும் தையல்காரர்தான் தம்பி. கோட்டுக்குப் பொத்தான் துளை கையால் போடுகிறவர்.

நான் வெர்னியர் அளவுகோலை எடுத்து அந்தத் துண்டுகளை அளந்தேன். எங்காவது ஒரு தப்பு கிடைக்காதா என்று ஆசையோடு அளந்தேன். உனக்காகத்தான். கிடைக்கவில்லை. வீடியோவில் நீ சொன்ன அளவு எதுவோ அதுவே இருந்தது. ஓரங்களை அரம் போட்டுத் தேய்த்திருந்த சுத்தத்தைப் பார்த்தால் உன் பிராக்கெட் வெட்கப்படும். நீ காட்டிய அதே கூர்மையான உள்மூலையையும் அவர் பக்தியோடு வெட்டியிருந்தார். உடைந்தது அந்த மூலையில்தான்.

உனக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ மறந்துவிட்டதாக நடிக்கிறாய். அலுமினியம் வேண்டாம், இது பழைய மெஷின் மூடியின் மிச்சம், பிரேக் தாங்காது, ஸ்டீலில் போடலாம் என்றேன். உள்மூலையை வளைத்து வெட்டலாம், கூராக விட்டால் அங்கிருந்துதான் கிழியும் என்றேன். "கூரா இருந்தாத்தான்க்கா கேமராவுல எடுப்பாத் தெரியும். முதல்ல இதைச் செஞ்சு பாக்கலாம்" என்றாய். செய்தோம். மூடிக் கிடக்கிற மில்லுக்குப் பின்னால் ஆளில்லாத சாலையில் ஓட்டிப் பார்த்தோம். திரும்பத் திரும்ப வேகமாகப் போய் நிறுத்திக்கொண்டே இருந்தபோது சத்தம் வந்தது. சக்கரத்தைக் கழற்றினாய். மூலையிலிருந்து போல்ட் துளைவரை முடிபோல ஒரு விரிசல். உன் முகத்தில் ரத்தமே இல்லை. அப்புறம் நீயே கெஞ்சி ஸ்டீல் பிராக்கெட் செய்யச் சொன்னாய். நான் மூலையை வளைத்துச் செய்து கொடுத்தேன். அதை மாட்டித்தான் மீதி ஓட்டத்தையெல்லாம் படம் எடுத்தாய்.

வீடியோவில் என்ன இருக்கிறது? பளபளவென்று அலுமினியம் அறுக்கிறாய். மாட்டுகிறாய். பாட்டு வருகிறது. பாட்டு முடியும்போது வண்டி கோடு போட்ட இடத்தில் நிற்கிறது. நிற்கவைத்தது ஸ்டீல். காட்டியது அலுமினியம். நடுவில் இருந்த விரிசலைக் கத்தரித்து எறிந்துவிட்டாய். சக்கரத்துக்குப் பின்னால் இருப்பது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருப்பாய்.

மூட்டை கட்டிக்கொண்டு நீ வெளியூர் வேலைக்குப் போன பிறகும் அந்த வீடியோவை நான் முழுதாகப் பார்க்கவே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை இரும்புச் சத்தம் கேட்கிறவளுக்கு இரவிலும் அதையே பார்க்க என்ன தலையெழுத்து? தையல்காரர் போனில் போட்டுக் காட்டியபோதுதான் பார்த்தேன். அளவில் தப்பில்லை, பொருளில்தான் கோளாறு என்று ஏதோ மென்று விழுங்கிச் சொல்லி அனுப்பினேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசலாம் என்று நினைத்தேன். நீ என் தம்பி அல்லவா.

கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "கீழ தெளிவா எழுதியிருக்கேன்க்கா, அவங்கவங்க சொந்தப் பொறுப்புல செய்யணும்னு." ஒரு வரி எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாய். அடுத்து, "அவருக்கு ஒழுங்கா அறுக்கத் தெரியல, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றாய். அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பற்றிச் சொன்னேன். பதிலுக்கு வந்தது இவ்வளவுதான்: "இந்த வீடியோவப் பாத்துத்தான்க்கா இங்க வேலைக்கே எடுத்தாங்க. இப்ப அதைத் தூக்கினா என் பிழைப்பே போச்சு." அந்த அம்மாவின் பிழைப்பு எந்தக் கையில் இருந்தது என்று கேட்டேன். மீட்டிங் இருக்கிறதென்று வைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகுதான் வீடியோவின் கீழே நானே எழுதினேன். யார் பெயரையும் இழுக்கவில்லை, உன்னைத் திட்டவுமில்லை. இந்த அலுமினிய பிராக்கெட் சோதனையில் விரிசல் விட்டது, யாரும் போடாதீர்கள், போட்டவர்கள் வண்டியை எடுக்காதீர்கள் என்று மட்டும் எழுதினேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் காணோம். மறுபடி எழுதினேன். மறுபடி காணோம். அப்புறம் போன் போட்டால் போகவில்லை. கூடப்பிறந்தவளை ஒரு பொத்தானை அமுக்கி ஒழித்துக்கட்டிவிட்டாய். கெட்டிக்காரன்தான்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா உன் பக்கம்தான் பேசினாள். வேறென்ன செய்வாள்? "புள்ள இப்பத்தான் நாலு பேர் முன்னாடி தலை நிமிர்ந்து நிக்கிறான். அவன் பிழைப்புல ஏன்டி மண்ணள்ளிப் போடற? வண்டின்னா நாலு இடத்துல இடிக்கத்தான் செய்யும்" என்றாள். சாப்பாட்டு மேசையில் எனக்கும் அவளுக்கும் பேச்சே நின்றுபோயிற்று. தட்டைக்கூட நகர்த்தித்தான் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை.

அம்மா உன் வீடியோக்களை எப்படிப் பார்ப்பாள் தெரியுமா? பார்க்கமாட்டாள், கேட்பாள். நீ விட்டுப்போன பழைய போனைக் காதோரம் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். பிரேக்கைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. உன் குரல் போதும். டெலிபோன் எக்சேஞ்சில் இத்தனை வருஷம் குரல்களோடேயே காலம் தள்ளியவள். யார் பசியில் பேசுகிறார்கள், யார் பொய் சொல்கிறார்கள் என்று இந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அந்தக் காதுக்குத் தீனி குறைந்துபோனதால் ஒருநாள் அந்த போனில் கிடந்த பழைய படங்களையெல்லாம் தோண்டிக்கொண்டிருந்தாள். நீ வெட்டாமல் வைத்திருந்த காட்சிகள் அதில் அப்படியே இருக்கின்றன தம்பி. அழிக்க மறந்துவிட்டாய்.

நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உன் குரல் கேட்டது. வீடியோவில் பேசுகிற சிரிப்புக் குரல் இல்லை. மூச்சு வாங்க, சின்னப் பையன்போல, "அக்கா, உடைஞ்சிருச்சுக்கா. பாரேன். ரோட்டுல ஆள் நடுவுல போயிருந்தா யாரையாவது கொன்னிருப்பேன்க்கா" என்கிறாய். அதற்குப் பிறகு நான் ஏதோ சொல்வதும் நீ அழுவதும் கேட்கிறது. நான் எட்டிப் பார்த்தேன். அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்ப இவனுக்குத் தெரியும்" என்றாள். எழுந்து தலையை வாரிக்கொண்டு, வெளியே போகிற புடவையை எடுத்தாள். "அந்தத் தையல்காரர் வீடு எங்கருக்கு?" என்றாள்.

இரண்டு பேரும் போனோம். கடையும் வீடும் ஒன்றுதான். முன்னறையில் தையல் மெஷின்கள், சுவரில் சாக்பீஸ் கோடு போட்ட பாதிக் கோட்டுகள். ஒரு மெஷின்மேல் உறை போட்டு மூடியிருந்தது. அது அந்த அம்மாவுடையது. அவர் மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் ஊசியில் நூல் கோர்க்கப் பழகிக்கொண்டிருந்தார். நூல் கோர்க்கவே வரவில்லை. எங்களைப் பார்த்ததும் ஊசியை ஒளித்து வைத்தார்.

அம்மாதான் பேசினாள். "உங்க மேல தப்பே இல்லைங்க. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்" என்று சொல்லி போனை நீட்டினாள். தையல்காரர் உன் குரலைக் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வீடியோ போடறதுக்கு முன்னாடியே உங்க தம்பிக்கு இது தெரியுமா?" என்னைப் பார்த்துத்தான் கேட்டார். தெரியும் என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லை நீ சொல்லியிருக்க வேண்டும். அது உன் கடன், என்னுடையது இல்லை. உனக்காக அதை என் வாயால் சொல்லவைத்தாயே, அதை எப்படி மறப்பேன்?

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். தையல்காரர் சட்டென்று எழுந்து தன் போனைத் தேடினார். உன் வீடியோவின் கீழே எழுதி எழுதிப் பழக்கமான ஒருவர் இருக்கிறாராம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லிக்கொடுப்பவர். இதே பிராக்கெட்டை அவரும் அறுத்துக்கொண்டிருந்தாராம். அறுப்பதில் சந்தேகம் வந்தபோதெல்லாம் இவர்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "ஐயோ, அவரு மாட்டிட்டாரோ என்னமோ. நானே அளவு சொல்லிக் கொடுத்தேனே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். உடைந்த எலும்புக்காக ஒரு வார்த்தை கோபப்படாத மனிதர், முகம் தெரியாத ஒருவருக்காகப் பதறிப்போனார். அந்த வாத்தியாரைப் பிடித்துவிட்டோம். மாட்டித்தான் இருந்தார். அன்று சாயங்காலம் அண்ணன் குடும்பத்தைப் பார்க்கக் கிளம்புவதாக இருந்தாராம். சாவியை எடுத்து உள்ளே வைத்துவிட்டதாகச் சொன்னார்.

இன்னும் யார் யார் மாட்டியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. "சூப்பர் அண்ணா", "நானும் செய்யப்போறேன் ப்ரோ" என்று எழுதியிருக்கிறவர்கள் எல்லாருக்கும் தையல்காரர் உட்கார்ந்து பதில் எழுதினார். இரண்டு விரலால் தட்டித் தட்டி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்தார். மறுநாள் அத்தனையும் இல்லை. நீதான் அழித்திருக்கிறாய். அவரையும் தடுத்துவிட்டாய். எனக்குப் போன் செய்து, "நான் ஏதாவது மரியாதை இல்லாம எழுதிட்டேனாம்மா?" என்று கேட்டார்.

அன்றுதான் எனக்குள்ளே ஏதோ ஒன்று அறுந்துபோயிற்று.

முதல் தடவை பயத்தில் மறைத்தாய் என்று வைத்துக்கொள்கிறேன். எல்லாருக்கும் பயம் வரும். ஆனால் உன்னால் அடிபட்ட மனிதர் இன்னொருவர் அடிபடக் கூடாதே என்று கூவுகிறார், நீ அவர் வாயைப் பொத்துகிறாய். அதற்கு என்ன பெயர் வைப்பது? ஒரு பெயர் வாய்வரை வருகிறது. நீ என் தம்பியாகப் போய்விட்டதால் எழுதாமல் விடுகிறேன்.

அம்மா அன்று உனக்கு நாள் முழுக்கப் போன் செய்தாள். என் எண்ணிலிருந்து இல்லை, அவளுடையதிலிருந்தே. நீ எடுக்கவில்லை. நான்தான் பக்கத்தில் இருந்து பேசவைக்கிறேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. நான் பட்டறையில் இருந்தேன். அவள் தனியாக உட்கார்ந்து, மணி அடித்து அடித்து நிற்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். இது உன்னிடம் அனுமதி கேட்கிற கடிதம் இல்லை. உன் மனசு மாறும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை உண்டு. ஆனால் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தப்போகிறவனுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. இன்று காலையில் அந்தப் பழைய காட்சியை, விரிசலோடும் உன் குரலோடும், என் பெயரிலேயே இணையத்தில் வெளியிட்டுவிட்டேன். நீ அழுவதற்கு முன்னால் நிறுத்திவிட்டேன். அது ஊருக்குத் தேவையில்லை. அதன் பின்னால் நானே கேமரா முன் நின்று, எது உடைந்தது, எது தாங்கியது, ஏன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்குப் பேச வரவில்லை. இரண்டு இடத்தில் திக்கினேன். அம்மா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கை ஆடியதால் படமும் ஆடுகிறது. உன் வீடியோமாதிரி அழகாக இருக்காது. வாத்தியார் தன் நண்பர்களுக்கெல்லாம் அனுப்புகிறார். தையல்காரரும் அனுப்புகிறார். உன்னால் எல்லாரையும் தடுக்க முடியாது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் ஜனங்கள் உன்னைக் கண்டபடி திட்டித் தீர்த்திருப்பார்கள். உன் கம்பெனியிலும் பார்த்திருப்பார்கள். வேலை போனாலும் போகலாம். எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தேன். அதற்காக என்னோடு ஜென்மத்துக்கும் பேசாமல் இருப்பாயானால் இரு, அதையும் யோசித்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் முதலாளியிடம் மற்றவர்கள் போய்ச் சொல்வதற்கு முன் நீயே போய்ச் சொல்லிவிடு. கதவைத் தட்டிக்கொண்டு போய் நின்று சொல். அதைச் சொல்லிவிட்டு வெளியே வந்ததும் அந்தத் தையல்காரர் வீட்டுக்குப் போன் செய். எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவர் எடுத்தால் மரியாதையாகப் பேசிவிடுவார், அதில் நீ தப்பித்துக்கொள்வாய். அந்த அம்மாவிடம் கொடுக்கச் சொல். அவர் என்ன சொன்னாலும் முழுசாகக் கேள். நடுவில் 'ஆனா' என்று ஆரம்பிக்காதே.

வேலை போய்விட்டால் அங்கே அறையில் முடங்கிக் கிடக்காதே. பட்டறையில் மில்லிங் மெஷினுக்கு ஆள் தேவைப்படுகிறது, வேறு யாரையும் நான் இன்னும் வைக்கவில்லை. நான் பேசமாட்டேன்தான். ஆனால் வேலை கொடுப்பேன்.

புது ஊரில் மழை அதிகம் என்று அம்மா செய்தியில் கேட்டாளாம். ஈரச் சாலையில் முன்னால் போகிற வண்டிக்கும் உனக்கும் நடுவில் நிறைய இடம் விட்டு ஓட்டு. நல்லபடியாக இரு.

உன்
அக்கா